கெகல் (ஒண்ணுக்கை அடக்குற தசையை இறுக்கி விடுற பயிற்சி) செய்யச் செய்ய அடிவயிற்று வலி கூடுது, நிறுத்தலாமா?

மிட்வைஃப், ஹட்டன்:
தேயிலைத் தோட்டத்துல கொழுந்தெடுக்கிற ஒரு அக்கா, 36 வயசு, ரெண்டு சுகப்பிரசவம். எட்டு மாசமா அடிவயிற்றிலயும் வால் எலும்புப் பக்கமும் வலி. தாம்பத்திய உறவுல எரிச்சல். ஒண்ணுக்குப் போனாலும் முழுசா போன மாதிரி இல்லையாம். யூரின், ஸ்கேன் ரெண்டும் நார்மல். கிளினிக்ல கெகல் சொல்லிக் குடுத்ததுக்கு அப்புறம் வலி கூடிருச்சு.

இயன்மருத்துவர், கண்டி:
இப்போதைக்கு நிறுத்தச் சொல்லுங்க மிஸ். இடுப்புத்தளத் தசை (கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழே இருந்து தாங்குற தசை) இறுகிக் கிடக்கிறப்போதான் பெரும்பாலும் இப்படி இருக்கும். சோதிச்சுப் பார்த்துத்தான் உறுதி பண்ணணும். இறுகினதை மேலும் இறுக்கினா வலி ஏறத்தான் செய்யும்.

முதல்ல தளர்த்தப் பழக்குங்க. தரையில மல்லாந்து படுத்து, கெண்டைக்கால் ரெண்டையும் கட்டில் மேல வைக்கணும். மூக்கால 4 செக்கன் இழுக்கிறப்போ கீழ்விலா பக்கவாட்டுல விரியணும், ஆசனவாய் மெதுவா இறங்கணும். 6 செக்கன்ல விடணும். காலையும் இரவும் 5 நிமிஷம். பலருக்கு நெஞ்சு மட்டும்தான் ஏறும், இல்லாட்டி மலத்துக்கு முக்கிற மாதிரி தள்ளுவாங்க. சுருட்டின துவாய் மேல கால் அகட்டி உட்கார வைங்க: மூச்சிழுக்கிறப்போ கீழே லேசா அமுங்கிறது அவங்களுக்கே தெரியும். பிட்டம் இறுகினா சரியில்ல, திரும்பச் செய்யணும்.

தாதி, பதுளை:
மலையில கக்கூஸ் இல்லாம, கொழுந்து நிறுக்கிற வரைக்கும் அடக்கிக்கிட்டு நிக்கிறாங்களே, அதை விட்டுட்டு மூச்சுப் பயிற்சி மட்டும் குடுத்தா பிரயோசனம் குறைவு. நாள் முழுக்க அந்தத் தசை பிடிச்சபடியே இருக்கு. அதுக்குப் பயந்து தண்ணியும் குடிக்கிறதில்ல. யூரின் கெட்டிப்பட்டுச் சிறுநீர்ப்பையை உறுத்தும், மலமும் இறுகும். 2, 3 மணித்தியாலத்துக்கு ஒருக்கா போக இடம் கேட்டு வாங்கணும், இது தோட்ட நிர்வாகத்தோட பேசவேண்டிய விசயம். அரைகுறையா குனிஞ்சு நிக்காம முழுசா குந்தணும். கூடையை மூச்சடக்கித் தூக்கக் கூடாது, விட்டுக்கிட்டே தூக்கணும்.

மிட்வைஃப், ஹட்டன்:
யோனிக்குள்ளே விரல் வச்சுத் தசையைத் தளர்த்துற சிகிச்சை செய்யலாமா?

இயன்மருத்துவர், கண்டி:
அதுக்குன்னு பயிற்சி எடுத்தவங்க மட்டும், அந்த அக்காவோட சம்மதம் கேட்டு, கிருமித்தொற்று இல்லாதப்போ. வலி 10க்கு 3 தாண்டினா தசை மறுபடி இறுகிரும், அதனால அழுத்தம் மெதுவாத்தான். இன்னொன்னு, ஸ்கேன் நார்மல்னா எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்வரி மாதிரித் திசு கருப்பைக்கு வெளியே வளர்ற நோய்) இல்லைன்னு ஆகாது. மாதவிடாயோட வலி ஏறுதான்னு கேட்டு, ஏறினா பெண்நோயியல் டாக்டருக்கு அனுப்புங்க. உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டாலும் காட்டணும். காய்ச்சலோட வலி, நாள் தள்ளிப்போய் திடீர் வலி, கால் இடுக்கு மரத்துப்போறது இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

கெகலை அடியோட தூக்கிப்போட வேணாம். சுருக்கின தசையை முழுசா விட வர்ற வரைக்கும் தள்ளி வைங்க.