47 மி.மீ. சிலிண்டரும் நான் தவறாக வாங்கிய கருவிகளும்

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒருவர்:

எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் துணி காயவைக்கும் இடத்தில் ஒரு பழைய ஹோண்டா சி70 மோட்டார்சைக்கிள் இஞ்சினைப் பிரித்தபோது, என்னிடம் இருந்தது ஒரு டிஜிட்டல் வெர்னியர் (தாடைகளால் கவ்வி அளக்கும் கருவி) மட்டுமே. அது நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை எண் காட்டியதால், அவ்வளவு நுட்பமாகவே அளக்கிறது என்று நம்பினேன். அத்தகைய கருவியில் 0.02 மி.மீ. கூடவோ குறையவோ பிழை இருப்பது வழக்கம் என்பதும், பிஸ்டனையும் சிலிண்டரையும் தனித்தனியே அளந்து கழிக்கும்போது இரு பிழைகளும் சேர்ந்து, அவற்றுக்கிடையே நாம் தேடும் மிகச் சிறிய இடைவெளியையே விழுங்கிவிடக்கூடும் என்பதும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அதைவிடப் பெரிய தவறு வேறொன்று. வெர்னியரின் உள்ளளவுத் தாடைகள் சிலிண்டரின் வாய்ப்பகுதியைத்தான் எட்டும். பிஸ்டன் வளையங்கள் தொடாத அந்த விளிம்போ பெரிதாகத் தேய்வதில்லை. 47 மி.மீ. சிலிண்டர் அங்கே 47.02 மட்டுமே என்று கண்டு மகிழ்ந்து, பழைய சிலிண்டரையே மாட்டினேன். இரண்டே வாரத்தில், இஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும் நீலப்புகை வந்தது.

கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற, எங்கள் புளோக்கில் வசிக்கும் மாமா ஒருவர், டயல் போர் கேஜ் (துளையின் உள்விட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) இல்லாமல் இந்த வேலையில் இறங்காதே என்றார். நானோ மலிவாகக் கிடைக்கிறதே என்று இணையத்தில் 50 முதல் 160 மி.மீ. வரையிலான கேஜை வரவழைத்துவிட்டு, அது 47 மி.மீ. துளைக்குள் நுழையாது என்பதைப் பெட்டியைப் பிரித்த பிறகே உணர்ந்தேன். (என் மனைவி இதை இன்றும் சொல்லிக் காட்டுகிறார்.) பிறகு 35 முதல் 60 வரை அளப்பதை வாங்கினேன்.

அந்தக் கேஜ் தானாக அளவு சொல்லாது. பிஸ்டனின் அடிப்பகுதியை (ஸ்கர்ட்), அதன் குறுக்கே செல்லும் பிஸ்டன் பின் என்ற தண்டுக்குச் செங்குத்தான திசையில், 25 முதல் 50 மி.மீ. வரை அளக்கும் மைக்ரோமீட்டரால் (திருகி வெளிவிட்டம் அளக்கும் கருவி) அளந்து, அதே அளவில் மைக்ரோமீட்டரைப் பூட்டி, அதன் இரு முகங்களுக்கிடையே கேஜை மெல்ல ஆட்டி, முள் திரும்பும் புள்ளியில் பூஜ்யம் வைக்க வேண்டும். அதன்பின் துளைக்குள் முள் காட்டும் வேறுபாடே இடைவெளி. மைக்ரோமீட்டர் சற்றுப் பொய் சொன்னாலும், அந்தப் பொய் இரு பக்கமும் ஒன்றாக இருப்பதால் கழிந்துபோகும். மேலே, நடுவில், கீழே என்று இரு திசைகளிலும் அளந்ததில், விளிம்புக்குச் சற்றுக் கீழே 47.11 இருந்தது. ஆகவே 47.25 ஓவர்சைஸ் (சற்றுப் பெரிய) பிஸ்டன் வாங்கி, அதற்கேற்பச் சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்தேன்.

பணம் குறைவாக இருந்தால், 25 மி.மீ. சரிபார்ப்புத் தண்டுடன் வரும் நல்ல மைக்ரோமீட்டரையே முதலில் வாங்குவேன். கேஜ் நடுத்தரமானதாக இருந்தாலும் போதும். 2017 ஜூலையில் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை மூடப்படும் வரை, பழைய கருவிகளைக் கையில் எடுத்துச் சுழற்றிப் பார்த்து வாங்க ஓர் இடமாவது இருந்தது.

பிடோக்கிலிருந்து ஒருவர்:

அண்ணன் சொன்னபடி அளந்தும் எனக்கு இரவில் ஓர் எண்ணும் மதியத்தில் ஓர் எண்ணும் வந்தன. பிஸ்டன் குளிரூட்டிய படுக்கையறையிலும் சிலிண்டர் வெயில்படும் தாழ்வாரத்திலும் கிடந்ததே காரணம். 47 மி.மீ. அலுமினியப் பிஸ்டன் 7 டிகிரி குளிர்ந்தாலே ஏறத்தாழ 0.007 மி.மீ. சுருங்கிவிடுகிறது. இப்போது பிஸ்டன், சிலிண்டர், மைக்ரோமீட்டர், கேஜ் அனைத்தையும் முந்தைய இரவே ஒரே அறையில் வைத்துவிடுகிறேன். மைக்ரோமீட்டரைப் பெட்டியில் வைக்கும்போது அதன் முகங்களை ஒட்டவிடாமல் சற்றுத் திறந்து, மெல்லிய எண்ணெய் பூசி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் போடுகிறேன். நம் ஊர் ஈரப்பதத்தில் என் முதல் மைக்ரோமீட்டர் ஒரே ஆண்டில் துருப்பிடித்துவிட்டது.