2,14,000 கிலோமீட்டர் ஓடிய டர்போ ஃபாரஸ்டரை முதல் காராக வாங்கலாமா?

தம்பி, வணக்கம். நீங்கள் எழுதியதை இருமுறை படித்தேன். கனடாவில் டொராண்டோவின் ஸ்கார்பரோவுக்குக் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது, வேலை பக்கத்து நகரமான மிசிசாகாவில், கையில் இருப்பது ஏறத்தாழ 9,000 டாலர், ஒரு தனிநபர் தன்னுடைய 2012 சுபாரு ஃபாரஸ்டர் எக்ஸ்டி (டர்போ உள்ள மாடல்) காரை 8,000 டாலருக்குத் தருவதாகச் சொல்கிறார், பனிக்காலம் வருவதற்குள் வாங்கிவிடட்டுமா என்பது உங்கள் கேள்வி. இன்றைய நிலையில் அந்தக் காரை வாங்க வேண்டாம் என்பது என் எண்ணம். அதற்கான காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன். ஏனென்றால் இது மோசமான கார் அல்ல, உங்கள் சூழலுக்குப் பொருந்தாத கார். இந்த வேறுபாடு தெரியாமல் வாங்கித்தான் நானும் என் முதல் ஆண்டில் துன்பப்பட்டேன்.

நம் ஊரில் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய காரை வாங்கவே தயங்குவோம். இங்கே நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடிய வண்டிகள் இரண்டு லட்சத்தைத் தாண்டியும் நன்றாக உழைப்பதைப் பார்க்கலாம். ஆகவே ஓடோமீட்டர் காட்டும் எண்ணைக் கண்டு மட்டும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. டர்போ உள்ள என்ஜினில் அந்தக் கிலோமீட்டர்கள் எப்படி ஓடின என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. டர்போ என்பது என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்துச் சக்தியைக் கூட்டும் கருவி. வெளியேறும் புகையின் விசையால் சுழலும் அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலக்கூடியது, அந்த வேகத்தில் அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான். ஆயிலை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அது கடும் வெப்பத்தில் கருகிப் படிந்து, டர்போவுக்குப் போகும் குறுகிய வழிகளை அடைக்கிறது. நீங்கள் பார்த்திருக்கும் ஃபாரஸ்டரில் உள்ள இஜே255 என்ஜினில், டர்போவுக்கு ஆயில் செல்லும் குழாயின் போல்ட்டுக்குள் ஒரு சிறிய வலை வடிகட்டி இருக்கிறது. அது அடைபட்டால் டர்போ ஆயிலின்றிக் காய்ந்து உடையும், உடைந்த உலோகத்துகள் ஆயிலோடு கலந்து என்ஜினின் பேரிங்குகளையும் அரித்துவிடும். அப்படி நேர்ந்தால் பழுதுபார்க்கும் செலவு காரின் விலையையே எட்டிவிடக்கூடும்.

6,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 2,14,000 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 35 முறை மாற்றியிருக்க வேண்டும். அவற்றில் எத்தனைக்கு விற்பவரிடம் ரசீது இருக்கிறது என்று கேளுங்கள். "நான் எப்போதும் ஒழுங்காக மாற்றிவிடுவேன்" என்ற வாய்மொழி போதாது. முப்பது ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி ஒரு கோப்பில் வைத்திருப்பவரின் 2,14,000 கிலோமீட்டர் வண்டியை, ஒரு ரசீதுகூட இல்லாதவரின் 1,20,000 கிலோமீட்டர் வண்டியை விட நான் அதிகமாக நம்புவேன்.

இந்த என்ஜினில் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் இருக்கிறது, அதை 1,68,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். 2014 முதல் வந்த எக்ஸ்டி மாடல்களில் வேறு என்ஜின், அதில் பெல்ட்டுக்குப் பதில் செயின் என்பதால், இணையத்தில் படிக்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்கள் வண்டி அந்தக் கட்டத்தைக் கடந்து நெடுநாளாகிவிட்டது. பெல்ட்டோடு வாட்டர் பம்பும் மாற்றப்பட்டதா, எங்கே, எப்போது என்பதற்குக் கட்டாயம் சான்று வேண்டும். ஓடும்போது பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று மோதி என்ஜின் அந்த நொடியிலேயே கெட்டுவிடும். சான்று இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

அடுத்து, இந்த ஃபாரஸ்டரில் உள்ள நான்கு சக்கர இயக்கம், அதாவது ஆல் வீல் டிரைவ். புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தவறாக எண்ணிக்கொள்கிறார்கள், நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆல் வீல் டிரைவ் வண்டியை நகர்த்துவதற்கு உதவும், நிறுத்துவதற்கு உதவாது. எந்தக் காரிலும் பிரேக் நான்கு சக்கரங்களையும்தான் பிடிக்கிறது. பனிக்கட்டியின் மேல் வண்டி நிற்பதும் வழுக்கிச் செல்வதும் டயரின் ரப்பரைப் பொறுத்தது. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் ஆல் சீசன் டயரின் ரப்பர் இறுகத் தொடங்கிவிடுகிறது, வின்டர் டயரின் ரப்பரோ அந்தக் குளிரிலும் நெகிழ்வாக இருக்கிறது. மூன்று சிகரங்களுக்கு நடுவே பனிப்பூ பொறித்த குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். நம் மாகாணமான ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் எல்லாக் காப்பீட்டு நிறுவனங்களும் அதற்குத் தள்ளுபடி தர வேண்டும் என்பது விதி. நான்கு வின்டர் டயர் பூட்டிய எளிய முன்சக்கர இயக்கக் கார், ஆல் சீசன் டயரோடு ஓடும் ஆல் வீல் டிரைவ் காரை விட 401 நெடுஞ்சாலையில் உங்களைப் பாதுகாப்பாக நிறுத்தும்.

நீங்கள் ஜார்ஜியன் விரிகுடாவிலிருந்து வீசும் பனிமழையில் சிக்கும் பேரி, காலிங்வுட் போன்ற ஊர்களில் வசித்திருந்தால், அல்லது சாலையில் பனி அள்ளும் வண்டி வருவதற்கு முன்பே விடியற்காலையில் மருத்துவமனைப் பணிக்குக் கிளம்ப வேண்டியவராக இருந்திருந்தால், என் பதில் வேறாக இருந்திருக்கும். ஸ்கார்பரோவிலிருந்து மிசிசாகா போகும் பாதை முழுவதும் முதலில் பனி அகற்றப்படும் சாலைகள்தான்.

ஆல் வீல் டிரைவுக்கு இன்னொரு செலவும் உண்டு, விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. நான்கு டயர்களின் சுற்றளவும் ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்க வேண்டும் என்று சுபாரு சொல்கிறது. சுற்றளவில் 6 மில்லிமீட்டர் என்றால் டயரின் மேல்தேய்மானத்தில் வெறும் ஒரு மில்லிமீட்டர்தான். புதிய டயரில் தடத்தின் ஆழம் 8 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஆகவே பாதி தேய்ந்த நிலையில் ஒரு டயர் குழியில் விழுந்து கிழிந்தால், அதை மட்டும் மாற்ற முடியாது, நான்கையும் மாற்ற வேண்டிவரும். வேறுபட்ட அளவில் ஓட்டினால் முன்பின் அச்சுகளுக்கு விசையைப் பங்கிடும் கிளட்ச் ஓயாமல் உராய்ந்து தேய்ந்துபோகும். நான் வாங்கியது வேறொரு நிறுவனத்தின் டர்போ ஆல் வீல் டிரைவ் செடான். முதல் வசந்தத்தில் ஒரு டயர் போனபோது, பணத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி ஒன்றை மட்டும் மாற்றினேன். ஐந்து மாதத்தில் திரும்பும்போதெல்லாம் வண்டி திணறத் தொடங்கியது, அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் டர்போவும் போயிற்று. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருக்க, 401 ஓரத்தில் இழுவை வண்டிக்காக நின்ற அந்த மாலையை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. அதன் பிறகு ஏழு மாதம் பேருந்தில்தான் போனேன்.

இனிப் பணக் கணக்கு. தனிநபரிடம் வாங்கினால், நீங்கள் கொடுத்த விலை, அரசு ஏற்கும் மொத்தவிலை மதிப்பு ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கு 13 சதவீத வரியைப் பதிவின்போது கட்ட வேண்டும். 8,000 டாலருக்கு வாங்கிய காரின் மொத்தவிலை மதிப்பு 9,500 என்று இருந்தால், வரி 1,235 டாலர். உங்கள் 9,000 அதிலேயே தீர்ந்துவிடுகிறது, காப்பீட்டின் முதல் தவணைக்கும் வின்டர் டயருக்கும் ஒன்றும் மிஞ்சாது. டர்போவுக்கு 91 ஆக்டேன் பிரீமியம் பெட்ரோல் வேண்டும். போக வர நாளுக்கு 90 கிலோமீட்டர் என்றால் ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர், 100 கிலோமீட்டருக்கு இது 11 லிட்டர் அளவில் குடிக்கும், அதே காலத்துக் கொரோலா 8 லிட்டர். ஆண்டுக்கு 600 லிட்டர் கூடுதல், அதுவும் விலை உயர்ந்த பெட்ரோல். காப்பீட்டுக்கோ உங்கள் அஞ்சல் குறியீடும் உரிமத்தின் வயதும் காரின் மாடலும் சேர்ந்து விலை நிர்ணயிக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே காரின் வின் எண்ணை (ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண்) சொல்லி மூன்று இடங்களிலாவது தொகை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஓட்டிய அனுபவத்துக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் கடிதம் இருந்தால் காட்டுங்கள், சில நிறுவனங்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன.

இத்தனைக்கும் பிறகு அந்தக் காரின் மேல் மனம் ஒட்டிக்கொண்டிருந்தால், பழுதுக்கென்று குறைந்தது 3,000 டாலர் தனியே வைக்க முடியும்வரை பொறுங்கள், பிறகு முறைப்படி சோதியுங்கள். தனிநபர் விற்பனையில் 'யூஸ்டு வெஹிக்கிள் இன்ஃபர்மேஷன் பேக்கேஜ்' என்ற தாள்தொகுப்பை விற்பவர்தான் வாங்கித் தர வேண்டும், அதன் விலை 20 டாலர். ஒன்டாரியோவில் அந்தக் கார் யார் யாரிடம் இருந்தது, அதன் மேல் கடன் நிலுவை இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். கடன் இருந்தால் அது காரோடு சேர்ந்தே உங்களிடம் வரும். விபத்து வரலாற்றுக்குக் கார்ஃபாக்ஸ் கனடா அறிக்கை எடுங்கள். 'சேஃப்டி' சான்றிதழ் இருக்கிறது என்று விற்பவர் பெருமையாகச் சொல்லலாம். அது பிரேக், விளக்கு, சஸ்பென்ஷன் போன்றவை குறைந்தபட்ச அளவில் இருப்பதை மட்டுமே காட்டும், 36 நாள்தான் செல்லும், என்ஜினின் உடல்நலத்துக்கு அது சாட்சி அல்ல.

காரைப் பார்க்கப் போகும்போது, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும் முதல் நிமிடத்தில்தான் உண்மை வெளிவரும்: நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது, இனிப்பு வாடையோடு வெண்புகை விடாமல் வந்தால் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் எரிகிறது. ஆயில் அளவைக் குச்சியை எடுத்துப் பாருங்கள். இருபது நிமிடம் ஓட்டியபின் காய்ந்த வாகன நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி மெதுவாக ஒரு வட்டம் போடுங்கள், வண்டி தயங்கியோ உதறியோ வந்தால் விசைப் பங்கீட்டுக் கிளட்சில் கோளாறு உண்டு. பின்சக்கர வளைவுகளிலும் கதவுக்குக் கீழுள்ள விளிம்பிலும் உப்பு அரித்த துரு இருக்கிறதா என்று விரலால் தட்டிப் பாருங்கள். கூடுதல் சக்திக்காக என்ஜினின் கணினியை மாற்றியமைத்த வண்டி என்றால், அங்கேயே நன்றி சொல்லித் திரும்பிவிடுங்கள்.

கடைசியாக, விற்பவரோடு தொடர்பில்லாத, உங்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் பணம் கொடுத்து வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்து நான்கு சிலிண்டரின் எண்களையும் எழுதி வாங்குங்கள், நான்கும் நெருக்கமாக இருக்க வேண்டும். ஸ்கேனரை மாட்டி, எச்சரிக்கைக் குறியீடுகள் அண்மையில் அழிக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுநாள் சேர்த்தது: டீலரிடம் வாங்கினால் பாதுகாப்பு அதிகமா என்று அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார். ஓரளவுக்கு ஆம். பதிவு பெற்ற டீலர்களை ஓம்விக் என்ற அமைப்பு கண்காணிக்கிறது, 3,000 டாலருக்கு மேல் பழுதுபார்த்த விபத்தை அவர்கள் எழுத்தில் சொல்லியாக வேண்டும். ஆனால் கையெழுத்திட்டபின் மனம் மாறித் திருப்பிக் கொடுக்க ஒன்டாரியோவில் தனி அவகாசம் எதுவும் கிடையாது, எனவே அங்கும் சோதனை முடிந்த பிறகே கையெழுத்து. தனிநபர் என்று சொல்லிக்கொண்டு ஒரே நேரத்தில் பல கார்களை விற்பவர்கள் உரிமமில்லாத வியாபாரிகள், உரிமையாளர் தாளில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

தம்பி, சனிக்கிழமை அந்தக் காரைப் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். டைமிங் பெல்ட் ரசீதை இன்றே படமெடுத்து அனுப்பச் சொல்லி விற்பவரிடம் கேளுங்கள். வந்தால் அதில் உள்ள தேதியையும் கிலோமீட்டரையும் இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம். வரவில்லையென்றால், அதைவிடக் குறைந்த விலைக்கு மார்க்கமில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று விற்கும் 2011 கொரோலாவை உங்களுக்குக் காட்டுகிறேன், அவர்கள் எல்லா ரசீதுகளையும் வைத்திருக்கிறார்கள்.