இரண்டு ஃப்ரீலான்ஸர்கள், இரண்டு பிள்ளைகள்: ஸ்பெயினுக்குக் குடிபெயர வருமானச் சான்றை எப்படிக் காட்டுவது?

நொய்யல் (கேள்வி)

வணக்கம். நாங்கள் கோவையில் வசிக்கிறோம். நான் மென்பொருள் உருவாக்குநர்; நெதர்லாந்திலும் கனடாவிலும் உள்ள இரண்டு நிறுவனங்களுக்குத் தனித்தொழிலாக வேலை செய்கிறேன். என் கணவர் மொழிபெயர்ப்பாளர். அவருக்குச் சென்னையில் ஒரு பதிப்பகத்திலிருந்தும் வெளிநாட்டுத் திரைப்பட வசன உரை (சப்டைட்டில்) நிறுவனம் ஒன்றிலிருந்தும் வேலை வருகிறது. மூத்த மகள் ஆறாம் வகுப்பிலும் இளையவன் இரண்டாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். ஸ்பெயினின் பன்னாட்டுத் தொலைப்பணி விசாவில், அதாவது டிஜிட்டல் நோமாட் விசா என்று எல்லோரும் சொல்லும் விசாவில், நான் முதன்மை விண்ணப்பதாரராகவும் மற்ற மூவரும் என்னைச் சார்ந்தவர்களாகவும் வலென்சியாவுக்குச் செல்ல எண்ணுகிறோம்.

சிக்கல் வருமானச் சான்றில்தான் இருக்கிறது. அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தில் விண்ணப்பதாரருக்கு 200 விழுக்காடு, சார்ந்திருக்கும் முதல் நபருக்கு 75 விழுக்காடு, அடுத்து வரும் ஒவ்வொருவருக்கும் 25 விழுக்காடு வருமானம் காட்ட வேண்டும் என்கிறார்கள். 2025ஆம் ஆண்டின் ஊதியமான 1,184 யூரோவை 14 தவணைகளாகக் கொண்டு பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்தால், எங்கள் நால்வருக்கும் மாதம் ஏறத்தாழ 4,490 யூரோ ஆகிறது. என் ஆண்டு வரவு 58 லட்சம் ரூபாய். ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தால் மாதம் 4,800 யூரோவைத் தாண்டுகிறது. ஆனால் நான் வரவில் பாதியை வருமானமாகக் காட்ட இடம் தரும் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவின்கீழ் வரி செலுத்துவதால், ஐடி ரிட்டர்னில் வருமானம் 29 லட்சம் என்றே இருக்கிறது. இதைத் தூதரகத்தில் கொடுத்தால் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்களா? கணவரின் வருமானத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டுமா? மேலும், எங்கள் நால்வரின் கடவுச்சீட்டிலும் குடும்பப் பெயர் வெவ்வேறாக இருப்பது தடையாகுமா?

வைகை

நான் மதுரையில் ஆடிட்டராக இருக்கிறேன். விசா விதிகளை மற்றவர்கள் சொல்லட்டும். ரிட்டர்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

44ஏடிஏ என்பது உங்கள் வருமானம் பாதிதான் என்று அரசு முடிவு செய்யும் பிரிவு அன்று. மொத்த வரவில் 50 விழுக்காடு, அல்லது உண்மையில் அதைவிடக் கூடுதலாக ஈட்டியிருந்தால் அந்தத் தொகை என்பதே சட்டத்தின் வாசகம். வீட்டிலிருந்து ஒரு மடிக்கணினியில் வேலை செய்யும் ஒருவருக்கு வரவில் பாதி செலவாகிறது என்று சொன்னால் எந்த அதிகாரிக்கும் ஐயம் எழத்தான் செய்யும். (2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் நடைமுறை என்பதால் அதன்பின் பிரிவு எண் வேறு; முறை அப்படியே தொடர்கிறது.)

ஆகவே உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஏற்கெனவே தாக்கல் செய்த ஆண்டுகளுக்கு, ஐடிஆர்-4 படிவத்திலேயே மொத்த வரவு தனி வரியாகக் காட்டப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தையும், வங்கி தரும் அந்நியச் செலாவணி வரவுச் சான்றுகளையும், விலைப்பட்டியல்களையும் மாதவாரியாக ஒன்றோடொன்று பொருத்தி, 44ஏடிஏவின் அனுமான வரி முறை என்றால் என்ன என்று இரண்டு பத்திகளில் விளக்கும் ஆடிட்டர் சான்றிதழ் ஒன்றை இணைக்க வேண்டும். இனித் தாக்கல் செய்யப் போகும் ஆண்டுக்கு, உண்மையான இலாபத்தையே அறிவித்துவிடுங்கள். வரி கூடும் என்பது உண்மைதான். ஆனால் விளக்கக் கடிதம் இல்லாமலேயே தன்னைத்தானே விளக்கிக்கொள்ளும் ரிட்டர்ன் கையில் இருப்பது, வேறு மொழி பேசும் அதிகாரி ஒருவரின் மேசைக்குப் போகும் கோப்புக்குப் பெரிய பலம். கணவரின் வருமானம் இல்லாமலேயே நீங்கள் வரம்பைத் தாண்டுவதால், அதைக் கணக்கில் சேர்க்காமல் துணை ஆவணமாக மட்டும் வைப்பதே என் ஆலோசனை.

தூரியாக் கரை

சகோதரி, நாங்களும் இதே விசாவில் வலென்சியாவுக்கு வந்த குடும்பம்தான். வருமானத் தொகையைவிட ஒப்பந்தங்களின் வாசகம்தான் முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2022ஆம் ஆண்டின் 28ஆம் எண் சட்டத்தின் வழியாக வந்த இந்த விசாவுக்கு, உங்கள் வாடிக்கையாளர் நிறுவனம் குறைந்தது ஓராண்டாக இயங்கியிருக்க வேண்டும். அதனுடன் உங்களுக்குக் குறைந்தது மூன்று மாதத் தொடர்பு இருக்க வேண்டும். ஸ்பெயினில் இருந்தபடி இந்த வேலையைச் செய்யலாம் என்று அந்த நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்பெயின் வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் பங்கு மொத்த வேலையில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு நிலையான இரண்டு நிறுவனங்கள் இருப்பது நல்லது. இணையச் சந்தைத் தளங்களில் சிறு சிறு வேலைகளாக எடுப்பவர்களுக்குத்தான் இந்தப் பகுதி கடினம். பட்டம் அல்லது மூன்றாண்டு அனுபவம் என்ற நிபந்தனையும் உண்டு. அது உங்களுக்குப் பொருட்டாகாது.

இங்கே வந்த பிறகுதான் உண்மையான கணக்கு தொடங்குகிறது. தனித்தொழில் செய்பவர் ஆவுத்தோனொமோ என்று பதிந்துகொண்டு, சமூகப் பாதுகாப்புக்கு மாதந்தோறும் பங்களிப்பு செலுத்த வேண்டும். புதிதாகப் பதிபவருக்கு முதல் ஓராண்டுக்கு மாதம் சுமார் 80 யூரோ என்ற சலுகை இருக்கிறது. அதன் பின் நிகர வருமானத்துக்கு ஏற்ப, 2025ஆம் ஆண்டு அட்டவணைப்படி குறைந்தபட்சப் பங்களிப்பு ஏறத்தாழ 200 யூரோவிலிருந்து 590 யூரோ வரை போகிறது. உங்கள் வருமானத்துக்கு அது மேல்படிகளில் ஒன்றாகத்தான் இருக்கும். கணவருக்கும் இங்கே வேலை செய்யும் உரிமை கிடைக்கும். ஆனால் அவர் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தால் தனியாகப் பதிந்து, தனியாகச் செலுத்த வேண்டும். இவற்றோடு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரிப் படிவங்களும் வரும். கோவையில் வரவில் பாதிக்கு மட்டும் வரி செலுத்திப் பழகியவர்களுக்கு, இங்கே உண்மைச் செலவைக் கழித்தது போக எஞ்சியது முழுவதுக்கும் வரி என்பது முதல் ஆண்டிலேயே கையைக் கடிக்கும். எனவே விசா வரம்பைத் தாண்டுகிறோமா என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், பங்களிப்பும் வரியும் வாடகையும் போகக் கையில் என்ன நிற்கும் என்று எழுதிப் பாருங்கள்.

வாடகை வீடு கிடைப்பதும் எளிதன்று. உரிமையாளர்கள் சம்பளச் சீட்டு கேட்பார்கள். நம்மிடம் அது இருக்காது. சட்டப்படி ஒரு மாத வாடகை வைப்புத்தொகை. அதற்கு மேல் கூடுதல் உத்தரவாதமாக இரண்டு மாதம் வரை கேட்கலாம். அந்த மூன்று மாதத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு வாருங்கள். வீட்டு ஒப்பந்தம் இருந்தால்தான் நகராட்சியில் வசிப்பிடப் பதிவு எளிதாகும். அந்தப் பதிவை வைத்துத்தான் பள்ளி, சுகாதார நிலையம் எல்லாம்.

தாமிரபரணி

பெயர்ச் சிக்கலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நம் ஊரில் அப்பாவின் பெயரே இனிஷியலாகவும், கடவுச்சீட்டில் அதுவே குடும்பப் பெயராகவும் இருப்பதால், தாய்க்கு அவருடைய தந்தையின் பெயர், பிள்ளைகளுக்கு அவர்களுடைய தந்தையின் பெயர் என்று வருவது இயல்பு. தாயின் பெயரில் ஒன்றும் தந்தையின் பெயரில் ஒன்றுமாக இரண்டு குடும்பப் பெயர்கள் வைத்துக்கொள்வது ஸ்பானியர்களின் வழக்கம். ஆகவே வெவ்வேறு பெயர் இருப்பதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உறவை நிறுவும் தாளில் பெயர் பிசகியிருந்தால்தான் சிக்கல்.

நீங்கள் முதன்மை விண்ணப்பதாரர் என்பதால், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் உங்கள் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பல சான்றிதழ்களில் தாயின் பெயர் இனிஷியல் இல்லாமல் வெறும் பெயராக நிற்கும். சிலவற்றில் திருமணத்துக்குப் பிறகு கணவரின் பெயர் ஒட்டியிருக்கும். திருமணச் சான்றிதழிலும் இதே சோதனை வேண்டும். திருத்த வேண்டியது இருந்தால் அதை முதலில் முடித்து, பிறகு காவல்துறைச் சான்று, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் சான்று), கடைசியாக ஸ்பானிய மொழிக்கு உறுதிமொழி எடுத்த அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு என்ற வரிசையில் செல்லுங்கள். வரிசை தவறினால் அப்போஸ்டிலும் மொழிபெயர்ப்பும் மீண்டும் செலவாகும். பதினைந்து வயதுக்கு உட்பட்டோரின் கடவுச்சீட்டு அதிகபட்சம் ஐந்தாண்டுக்குத்தான் செல்லும் என்பதால், பிள்ளைகளுடையது எப்போது முடிகிறது என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

காவிரி

இவ்வளவு சிரமம் எதற்கு, துபாய் போகலாமே? தொலைப்பணி விசாவுக்கு மாதம் 3,500 டாலர் வருமானம் போதும். வருமான வரியும் இல்லை.

நொய்யல்

துபாயை யோசித்தோம். அங்கே இரண்டு பிள்ளைகளின் தனியார் பள்ளிக் கட்டணமே மிச்சமாகும் வரியை விழுங்கிவிடும் என்று அங்குள்ள சித்தி சொன்னார். பிள்ளைகள் அரசுப் பள்ளியில் உள்ளூர் மொழியில் படிக்க வேண்டும் என்பதுதான் ஸ்பெயினைத் தேர்ந்ததற்குப் பாதிக் காரணம். பெயர் பற்றிய தகவலுக்கு மிக்க நன்றி. மகனின் சான்றிதழில் என் பெயர் இனிஷியல் இல்லாமல்தான் இருக்கிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள். எந்த மாதத்தில் புறப்படுவது? கணவர் சென்னைப் பதிப்பகத்தின் வேலையைத் தொடரலாமா?

தூரியாக் கரை

பள்ளி செப்டம்பரில் தொடங்குகிறது. இங்கே பிள்ளைகளைப் பிறந்த நாட்காட்டி ஆண்டைக் கொண்டுதான் வகுப்பில் சேர்ப்பார்கள். பன்னிரண்டு வயது நிறையும் ஆண்டின் செப்டம்பரில் இடைநிலைக் கல்வி தொடங்கும். மகளுக்குத் தொடக்கப் பள்ளியின் கடைசி ஆண்டு இன்னும் மீதமிருந்தால், அந்த ஆண்டிலேயே வந்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. ஒரே ஆசிரியர் பெரும்பாலான பாடங்களை நடத்தும் வகுப்பில் ஸ்பானியமும் உள்ளூர் மொழியான வலென்சியமும் காதில் விழுவது ஒன்று. பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வரும் இடைநிலைப் பள்ளியில் இரண்டையும் ஒன்றாகச் சந்திப்பது வேறு. இளையவனைப் பற்றிக் கவலை வேண்டாம். கட்டாயக் கல்விக் காலத்தில் சேர்வதற்கு இந்திய மதிப்பெண் பட்டியலை ஸ்பெயின் கல்விக்கு இணையென ஏற்கும் சான்று தேவையில்லை. ஆகவே அவற்றுக்கு அப்போஸ்டில் செலவு செய்யாதீர்கள்.

வைகை

வரிக் கணக்கும் அதே காலத்தையே காட்டுகிறது. ஸ்பெயினில் வரி ஆண்டு சனவரி முதல் டிசம்பர் வரை. ஓர் ஆண்டில் 183 நாட்களுக்கு மேல் தங்கினால் அந்த ஆண்டு முழுவதற்கும் வசிப்பவர் ஆவீர்கள், ஆண்டைப் பாதியாகப் பிரிக்கும் வழக்கம் அங்கே இல்லை. சூலை நடுவிலோ ஆகஸ்டிலோ சென்றால் நாள் கணக்கில் அந்த ஆண்டு வசிப்பவர் ஆக மாட்டீர்கள். இந்தியாவில் 182 நாட்களுக்குக் குறைவாக இருந்து, வெளிநாட்டில் தொழிலுக்காகப் புறப்படுவதால், இங்கும் அந்த நிதியாண்டில் வசிக்காதவர் ஆகலாம். இதை வரியில்லாத இடைவெளி என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்பெயினில் உட்கார்ந்து செய்த வேலைக்கு வசிக்காதவரிடமும் அங்கே வரி உண்டு. முழு வசிப்பாளரானதும் உலக வருமானம் அனைத்தும் அங்கே கணக்கில் வரும். மேலும், வெளிநாட்டில் உள்ள வங்கி இருப்பு, முதலீடு, அசையாச் சொத்து என்ற மூன்றில் எந்த வகை 50,000 யூரோவைத் தாண்டினாலும், அடுத்த ஆண்டு மார்ச் 31க்குள் படிவம் 720இல் தெரிவிக்க வேண்டும். கோவையில் சொந்த வீடு இருந்தால் இது உங்களுக்கும் பொருந்தக்கூடும். இது வரி அன்று, தகவல் மட்டுமே, ஆனாலும் தவறவிடாதீர்கள்.

புறப்பட்ட பின் சேமிப்புக் கணக்குகளை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வரவுக்கான கணக்காக, மாற்றுங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் ரத்துச் செய்து, மூன்று மாதத்துக்குள் இறுதி அறிக்கையைத் தாக்கல் செய்யுங்கள்.

கணவர் பதிப்பகத்தின் வேலையைத் தாராளமாகத் தொடரலாம். ஆனால் அவர் வசிக்காதவர் ஆனதைப் பதிப்பகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இப்போது பணம் தரும்போதே பிடிக்கும் வரியான டிடிஎஸ் விகிதம் அப்போது பொருந்தாது. இந்தியாவுக்கும் ஸ்பெயினுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால், ஸ்பெயின் வரித்துறையிடம் வரி வசிப்பிடச் சான்று பெற்றுப் பதிப்பகத்தின் கணக்குப் பிரிவுக்குக் கொடுத்துவிடுங்கள். இங்கே பிடித்த வரியை அங்கே கழிக்க, பிடித்ததற்கான சான்றையும் ஒவ்வோர் ஆண்டும் அவர்களிடமிருந்து கேட்டு வாங்கி வையுங்கள்.