பழைய ஹைலக்ஸ் டபுள் கெப் ஒண்டு வாங்கப் போறன், எதைப் பாத்து வாங்கிறது?

அக்கராயன் பெடியன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு அக்கராயனில ஏழு ஏக்கர் வயலும் கொஞ்ச மேட்டுக்காணியும் இருக்கு. இவ்வளவு காலமும் பெட்டி கொழுவின லான்ட்மாஸ்டரோடதான், ரெண்டு சில்லு உழவு மெசினோடதான் சீவியம். போன மாரியில வாய்க்கால் வரம்பால உரம் ஏத்திக்கொண்டு போகேக்க பெட்டி ஒரு பக்கம் சரிஞ்சு ஆறு மூட்டை யூரியா தண்ணிக்குள்ள போச்சுது. எட்டி இழுத்து ரெண்டு மூட்டையைக் கரையில போட்டன். மிச்சம் நாலும் கரையிறதைப் பாத்துக்கொண்டு நிண்டனான். அண்டைக்கு நினைச்சது, இனி நாலு சில்லும் இழுக்கிற வாகனம் ஒண்டு வேணும் எண்டு. அம்மாவை மாதம் ஒருக்கா கிளிநொச்சிக்குக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகவும் வேணும். அதால முன்னுக்கு ரெண்டு வரிசை சீற்றும் பின்னுக்குப் பெட்டியும் இருக்கிற டபுள் கெப்.

புதுசெல்லாம் கனவிலயும் இல்லை. 2020 மார்ச்சில இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு பழைய வாகனத்துக்கு ஏறின விலை, 2025 பெப்ரவரியில திறந்து விட்டும் எங்கட கைக்கு எட்டுற அளவுக்கு இறங்கேல்லை. அதால எல்என்106 எண்ட பழைய டொயோட்டா ஹைலக்ஸ் மொடல் தேடித் திரிஞ்சு ரெண்டு பாத்து வச்சிருக்கிறன்.

முதலாவது வவுனியாவில. 1992, பதிவுப் புத்தகத்தில 3எல் டீசல் எஞ்சின், 2.8 லீற்றர். கரும்பச்சைப் பெயின்ற், புதுசா அடிச்சது. பின்னுக்கு ரோல் பார், பெரிய ரயர், உள்ளுக்கு சீற் எல்லாம் புதுசு. நான் போன நேரம் அரைச் சுத்தில ஸ்டார்ட் எடுத்தது. 52 லட்சம் கேக்கினம்.

ரெண்டாவது முல்லைத்தீவுப் பக்கம். 1990. வெள்ளை, ஆனா வெள்ளை எண்டு சொல்லேலாத வெள்ளை. கதவில நெளிவு, சீற் கிழிஞ்சு சாக்குப் போட்டிருக்கு. காலமை ரெண்டு தரம் ஹீற்றர் போட்டு அடிக்கத்தான் எடுத்தது, கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நிண்டிட்டுது. 41 லட்சம். உடமைக்காரர் மீன் யாவாரம், 2009க்குப் பிறகு வாங்கினதாம், நல்ல மனிசன், தேத்தண்ணி தந்துதான் விட்டவர்.

மனிசிக்குப் பச்சைதான் பிடிச்சிருக்கு. உண்மையைச் சொன்னால் எனக்கும். மாமா சொல்லுறார், பெயின்ற் அடிக்காததை எடு, மறைக்க ஒண்டும் இல்லாதவன்தான் பெயின்ற் அடிக்கமாட்டான் எண்டு. லான்ட்மாஸ்டர் எஞ்சின் எண்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு கழட்டிப் பூட்டுவன். இது எனக்குப் புதுசு. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கிரீஸ் கை:

தம்பி, மாமா சொன்னது பாதிதான் சரி. நான் பரந்தனில 22 வரியமா கராச் வச்சிருக்கிறன், இந்த எல்என்106 எத்தினை என்ர கைக்குள்ளால போயிருக்கும் எண்டு எனக்கே கணக்கில்லை. நீங்கள் எழுதினதில என்னைப் பயப்படுத்தினது பச்சையின்ர பெயின்ற் இல்லை, வெள்ளையின்ர மீன்.

மீன் ஏத்தின வாகனத்தில ஐஸ் உருகி, உப்புத் தண்ணி பெட்டி ஓட்டையளுக்குள்ளால நேர செஸிக்குள்ள, வாகனத்தைத் தாங்கிற இரும்புச் சட்டத்துக்குள்ள வடியும். ஹைலக்ஸ் செஸி உள்ளுக்குக் குழாய் மாதிரி. போன தண்ணியும் சேறும் வெளிய வராது, உள்ளுக்கிருந்தே தின்னும். வெளியில கறுப்புப் பெயின்ற் மினுங்கும். போகேக்க ஒரு சின்னச் சுத்தியலும் பழைய ஸ்குரூ ட்ரைவரும் கொண்டு போங்கோ. பின் சில்லுக்குப் பின்னால, பிளேட் ஸ்பிறிங் செஸியில கொழுவுற இடம் இருக்கெல்லோ, அங்க தட்டிப் பாருங்கோ. நல்ல இரும்பு "டங்" எண்டும். அழுகினது "டொக்" எண்டும். டொக் எண்ட இடத்தில ஸ்குரூ ட்ரைவரால குத்துங்கோ. உடமைக்காரர் முகம் சுழிச்சால் சுழிக்கட்டும், 41 லட்சம் உங்கட காசு. பின்னுக்கு முடிச்சுக்கொண்டு பெட்டிக்கு முன்பக்கம், கெப்புக்குக் கீழயும் தட்டிப் பாருங்கோ. புதுசா ஒட்டின தகடு, வெல்டிங் கோடு கண்டால் அந்த இடத்தை ரெண்டு தரம் தட்டுங்கோ.

எஞ்சின் செய்யலாம். கியர் பொக்ஸ் செய்யலாம். அழுகின செஸிக்கு நான் ஒண்டும் செய்யேலாது, ஏனெண்டால் நம்பர் அதிலதான் அடிச்சிருக்கு. வலது பக்க முன் சில்லுக்கு நேர, செஸியில எல்என்106 எண்டு தொடங்கி நிக்கும். வேற செஸி போட்டால் அது வேற வாகனம்.

இனிப் பச்சை. அரைச் சுத்தில எடுத்தது எண்டு சந்தோசப்பட்டிருக்கிறியள். பொனற்றைத் திறந்து எஞ்சினில கை வச்சுப் பாத்தனீங்களோ? நீங்கள் வாறியள் எண்டு தெரிஞ்சால் அரை மணித்தியாலத்துக்கு முதலே ஓட விட்டுச் சூடாக்கி வச்சிருப்பினம். சொல்லாமல் காலமை ஆறு மணிக்குப் போய் நில்லுங்கோ, அல்லது தொடவேண்டாம் எண்டு முதலே சொல்லுங்கோ. எஞ்சின் ஆறியிருக்கேக்க ரேடியேற்றர் மூடியைக் கழட்டிப் போட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கோ. தண்ணிக்குள்ள விடாமல் குமிழி வந்தால் ஹெட் வெடிப்பு, இல்லாட்டி கஸ்கற் போயிருக்கு. பிறகு எண்ணெய் ஊத்திற மூடியைக் கழட்டி அந்த ஓட்டையிலயே கவிட்டு வையுங்கோ. லேசா ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால் பிஸ்டன் ரிங்க்ஸ் முடிஞ்சுது. ரெண்டு தரம் ஹீற்றர் போட்டு எடுக்கிற வெள்ளை, எனக்கு அவ்வளவு பயமில்லை. அநேகமா குளிர் எஞ்சினைச் சூடாக்கிற குளோ பிளக் ரெண்டு செத்திருக்கும், அது சின்னச் செலவு.

இன்னொண்டு, புத்தகத்தில 3எல் எண்டால் புளொக்கில என்ன அடிச்சிருக்கு எண்டு துடைச்சுப் பாருங்கோ. நம்பருக்கு முன்னால 3எல் எண்டு நிக்க வேணும். 3எல் செத்த இடத்தில 2.4 லீற்றர் 2எல் ஏத்தி ஓடுற வாகனங்கள் கன இருக்கு. ரெண்டும் ஒரே குடும்பம், பாத்தால் வித்தியாசம் தெரியாது. சுமையோட வரம்பில ஏறேக்கதான் தெரியும்.

ஸ்காபரோவில இருந்து:

முப்பத்தைஞ்சு வரியத்துப் பழைய இரும்புக்கு 50 லட்சமா? என்ன கதை இது. கொஞ்சம் கூடக் குடுத்து ஒரு விகோ, பிந்தி வந்த ஹைலக்ஸ் எடும் தம்பி. ஏசி வேலை செய்யும், அம்மாவும் இடுப்பு நோகாமல் போவா. எங்கட சித்தப்பா பொருளாதாரத் தடைக் காலத்தில பெற்றோல் காரை மண்ணெண்ணெயில ஓடினவர், சூப்பிப் போத்தலால ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து. வேற வழியில்லாமல் ஓடினது. இப்ப ஏன் அந்த வாழ்க்கை?

கிரீஸ் கை:

ஸ்காபரோ அண்ணை, விகோ நல்ல வாகனம்தான், நான் மறுக்கேல்லை. ஆனா "கொஞ்சம் கூட" எண்டது எவ்வளவு எண்டு இங்க வந்து ஒருக்கா கேட்டுப் பாருங்கோ. அதோட அதில கொமன் ரெயில், கம்பியூற்றர் பாத்து டீசல் அடிக்கிற முறை. நாலு இன்ஜெக்ரரும் போனால் தம்பியின்ர ஒரு போக விளைச்சல் போகும். எல்என்106இல ஒரு கம்பியூற்றரும் இல்லை, வயல் நடுவில நிண்டாலும் ஒரு சாவிக் கட்டோட பாக்கலாம். முன்னுக்கும் பின்னுக்கும் பிளேட் ஸ்பிறிங், முன் அச்சும் ஒரே துண்டு. ஓம், இடுப்பு நோகும். கிளினிக்குக்குப் போகேக்க பெட்டிக்குள்ள ரெண்டு மூட்டை போட்டுக்கொண்டு போனால் கொஞ்சம் மெத்தெண்டு போகும், நான் என்ர அம்மாவை அப்பிடித்தான் கூட்டிக்கொண்டு போறனான்.

மண்ணெண்ணெய் எண்டதும்தான் ஞாபகம் வந்தது. தம்பி, ரெண்டு பேரிட்டையும் 2022இல என்ன ஊத்தி ஓடினனீங்கள் எண்டு கேளுங்கோ. டீசல் 460 ரூபா வரைக்கும் போன நேரம் மண்ணெண்ணெய் 87 ரூபா. ஓகஸ்ட்டில அதையும் 340 ஆக்கும் வரைக்கும் கலந்து ஓடினவை கன பேர். இந்த எஞ்சின்ர டீசல் அடிக்கிற பம்புக்கு அந்த டீசல்தான் வழவழப்புக் குடுக்கிற எண்ணெய். மண்ணெண்ணெயில வழவழப்பு இல்லை, பம்ப் உள்ளுக்குத் தேயும். தேய்ஞ்ச பம்ப் ஆறியிருக்கேக்க ஒழுங்கா எடுக்கும், சூடாகினாப் பிறகு நிப்பாட்டி எடுத்தால் எடுக்காது. அதால ஓடிப் பாத்திட்டு வந்து நிப்பாட்டி, பத்து நிமிசத்தால திருப்பி அடிச்சுப் பாருங்கோ. கன பேர் இதைச் செய்யிறதில்லை.

மன்னார் லொறிக்காரன்:

அண்ணை வாகனத்தைச் சொல்லிட்டார், நான் பேப்பரைச் சொல்லுறன். நான் ஒரு கெப் ஓபின் பேப்பரில, பேர் மாத்தாமல் கையெழுத்துப் படிவத்தோட மட்டும் எடுத்து ரெண்டு வரியம் பட்டனான். வித்தவர் மூண்டாவது ஆள். புத்தகத்தில பேர் இருந்தவர் கையெழுத்து வச்ச படிவம் ஒண்டு தந்தவை. பேர் மாத்தப் போனால் அவர் செத்து நாலு வரியம், கையெழுத்துப் பொருந்தேல்லை. அவற்ர பிள்ளையளைத் தேடிப் புத்தளம் வரைக்கும் திரிஞ்சனான். புத்தகத்தில பேர் உள்ள ஆள் உங்களுக்கு முன்னால, அடையாள அட்டையோட இருந்து கையெழுத்து வைக்க வேணும். இல்லாட்டி முற்பணமும் குடுக்க வேண்டாம். முழு உரிமையாளர் எண்ட இடத்தில லீசிங் கம்பனி பேர் நிண்டால் அதை வெட்டின கடிதம் கேளுங்கோ. புத்தகத்தில இருக்கிற எஞ்சின், செஸி நம்பரை வாகனத்தில அடிச்சிருக்கிறதோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்கோ.

அக்கராயன் பெடியன்:

அண்ணைமாருக்குக் கோடி நன்றி. கிரீஸ் கை அண்ணை, நாலு சில்லும் இழுக்குதோ எண்டு எப்பிடிப் பாக்கிறது? றோட்டிலேயே போட்டுப் பாக்கலாமோ?

கிரீஸ் கை:

தார் றோட்டில போடவே வேண்டாம். அதில முன்னுக்கும் பின்னுக்கும் சுத்து வித்தியாசத்தை விட்டுக் குடுக்க ஒண்டும் இல்லை, திரும்பேக்க முறுகிக்கொண்டு நிக்கும், பிறகு ஃபோர் வீல் கியர்க் கம்பியைத் திருப்பி எடுக்கவே ஏலாது. மணல் அல்லது கிரவல் இடத்துக்குக் கொண்டு போங்கோ. இறங்கி ரெண்டு முன் சில்லின்ர நடுவில உள்ள பூட்டையும் கையால "லொக்"குக்குத் திருப்புங்கோ. வரியக் கணக்காத் திருப்பாமல் விட்டதெண்டால் இறுகிப்போய் இருக்கும், அதிலயே அவை ஃபோர் வீல் பாவிச்சதோ, பேருக்கு வச்சிருந்ததோ எண்டு விளங்கும்.

முன் சில்லுக்கு உள்பக்கம் பெரிய இரும்பு உருண்டை ஒண்டு இருக்கும். அதில கிரீஸ் லேசாப் பூசின மாதிரி இருக்கிறது வழமை. கறுப்புக் குழம்பு மாதிரி வடிஞ்சு சில்லு எல்லாம் நனைஞ்சிருந்தால் உள் சீல் போய், அச்சு நடுவில இருக்கிற பல்லுப் பெட்டியின்ர, டிஃபரன்சியலின்ர எண்ணெய் வந்து கலக்குது. சில்லை ஜக்கில தூக்கி மேலையும் கீழையும் பிடிச்சு ஆட்டுங்கோ. ஆட்டம் இருந்தால் மாமாவைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி இன்னொருக்கா ஆட்டுங்கோ. நிண்டால் சில்லு பெயறிங். நிக்காட்டி சில்லு திரும்புற மூட்டில உள்ள நக்கிள் பெயறிங், அதுக்கு வேலை கூட. பின் டிஃபரன்சியலுக்கு எண்ணெய் ஊத்திற நட்டுக்கு 24 சாவி. கழட்டி விரலை விட்டுப் பாருங்கோ. பால் தேத்தண்ணி நிறத்தில வந்தால் தண்ணி குடிச்சிருக்கு.

டாஷ்போட்டில ரீ-பெல்ற் எண்டு ஒரு லைற் இருக்கு. திறப்பைப் போடேக்க எல்லா லைற்றோடையும் அதுவும் பத்தி அணைய வேணும். லட்சம் கிலோமீற்றருக்கு ஒருக்கா, ரைமிங் பெல்ற் மாத்து எண்டு சொல்லுற லைற் அது. பத்தாட்டி ஆரோ பல்ப்பைக் கழட்டியிருக்கினம். பெல்ற் அறுந்தால் வால்வு போய்ப் பிஸ்டனில அடிக்கும். எதை வாங்கினாலும் முதல் வேலையா பெல்ற்றை மாத்துங்கோ, வித்தவன் போன மாதம் மாத்தினது எண்டு சத்தியம் பண்ணினாலும்.

அக்கராயன் பெடியன்:

ரெண்டையும் பாத்திட்டு வந்திட்டன். மாமாவும் வந்தவர், சுத்தியல் அவற்ர கையில.

வெள்ளை: எஞ்சின் அண்ணை சொன்ன மாதிரியே சுகம். மூடி ஆடேல்லை, குமிழி இல்லை, சூட்டிலயும் எடுத்தது. பேப்பர் கண்ணாடி மாதிரி, புத்தகத்தில அவற்ர பேர்தான். ஆனா இடது பக்கப் பின் ஸ்பிறிங் கொழுவுற இடத்தில மாமா தட்ட "டொக்". குத்த முதல் பயந்தனான். குத்தினன், பிடி வரைக்கும் உள்ளுக்குப் போச்சுது. இழுக்கத் துருத் தகடு தகடா வந்து என்ர காலில விழுந்தது, அதோட ஈர மணலும், ரெண்டு மீன் செதிலும். அந்த மனிசன் குனிஞ்சு பாத்திட்டு ஒண்டும் கதைக்கேல்லை. அவருக்கே தெரியாது எண்டுதான் நினைக்கிறன். போகேக்க 33க்குத் தரலாம் எண்டார். மாமா என்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்திட்டார்.

பச்சை: செஸி முழுக்க "டங்". சொல்லாமல் போனதால எஞ்சின் குளிர். நீட்டி அடிக்கத்தான் எடுத்தது. ரீ-பெல்ற் லைற் பத்தேல்லை. துணியால துடைச்சால் புளொக்கில 2எல். புத்தகத்தில 3எல். கேட்டால் "அது எல்லாம் ஒண்டுதான் தம்பி, பாதிப் பேர் அப்பிடித்தான் ஓடினம்" எண்டார். மனிசிக்கு இன்னும் பச்சையில ஒரு கண்.

கிரீஸ் கை:

வெள்ளையை 25க்குத் தந்தாலும் வேண்டாம். மூட்டை ஏத்தி வரம்பில ஒரு குழிக்குள்ள விழுந்தால் பின்பக்கம் தனியாக் கழண்டு நிக்கும், அதுவும் பிள்ளையள் உள்ளுக்கு இருக்கேக்க.

பச்சை வேற கதை. எஞ்சின் மாத்தினது பெரிய குற்றமில்லை, மாத்தினதைப் பதியாமல் விட்டதுதான் கரைச்சல். அந்த 2எல் வாங்கின பில்லை எடுத்து, அவையின்ர செலவில திணைக்களத்தில பதிஞ்சு, புத்தகம் திருந்தி வந்தாப் பிறகு கதைப்பம் எண்டு சொல்லுங்கோ. சம்மதிச்சால் 2எல் விலைக்குக் கேளுங்கோ, 3எல் விலைக்கில்லை. பில் இல்லை எண்டால் அந்த எஞ்சின் எங்கையிருந்து வந்தது எண்டு நீங்கள் யோசிக்க வேணும்.

அக்கராயன் பெடியன்:

சொன்னன் அண்ணை. பில் தேடிப் பாக்கிறன் எண்டவர், பத்து நாளாச்சு, இப்ப போன் எடுக்கிறார் இல்லை.

மாங்குளத்தில ஒண்டு நிக்குதாம், எல்என்106க்கு முந்தின மொடல் எல்என்65, 2எல், பெட்டி சின்னன் எண்டு மாமா கேள்விப்பட்டு வந்திருக்கிறார். அடுத்த கிழமை விடிய வெள்ளன போறம். காலபோக விதைப்புக்கு எதுவும் சரிவராது எண்டு நினைக்கிறன், லான்ட்மாஸ்டர் பெட்டிக்கு ரெண்டு பக்கமும் புதுப் பலகை அடிச்சு முடிச்சிட்டன். சுத்தியல் மாமாட்டைத்தான் இருக்கு, திருப்பித் தாறார் இல்லை.