எம்.எல்.டி. (மெடிக்கல் லேப் டெக்னாலஜி) படிக்க உடம்பு எந்த அளவுக்கு ஒத்துழைக்கணும்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

கடலூர் ஓ.டி.:
பையன் பி.எஸ்சி. எம்.எல்.டி.தான் சேருவேன்னு நிக்கிறான். கண் டெஸ்ட்ல புள்ளிப் படத்துக்குள்ள இருக்கிற சில எண் அவனுக்குத் தெரியல. சிவப்பு, பச்சை பிரிச்சுப் பார்க்கிறதுல குறைன்னு டாக்டர் சொல்றாங்க. சேர்க்கலாமா?

கோரிமேடு, புதுச்சேரி:
அக்கா, நான் மைக்ரோபயாலஜி லேப்ல இருக்கேன். நிறம் எங்க வேலையில பெரிய விஷயம்தான், அதை மறைக்கக் கூடாது. கிராம் ஸ்டெயின்னு, பாக்டீரியாவைச் சாயம் ஏத்தி ரெண்டு வகையாப் பிரிப்போம்: ஊதான்னா கிராம் பாசிட்டிவ், இளஞ்சிவப்புன்னா கிராம் நெகட்டிவ். சளி ஸ்லைடுல நீலப் பின்னணியில சிவப்பா மெல்லிசா தெரியறதுதான் டி.பி. கிருமி.

என் பேட்ச்ல ஒருத்தனுக்கு இதே பிரச்சினை. ஸ்லைடைப் பார்த்ததும் கிருமி உருண்டையா குச்சியா, கொத்தா சங்கிலியான்னு முதல்ல எழுதிடுவான். அப்புறம் கன்ட்ரோல் ஸ்லைடோட, அதாவது என்ன கிருமின்னு ஏற்கெனவே தெரிஞ்ச ஸ்லைடோட ஒப்பிடுவான். அப்பவும் சந்தேகம்னா பக்கத்துல இருக்கிறவங்களைக் கூப்பிட்டுக் காட்டுவான், கூச்சமே படமாட்டான். ரத்தம் பிடிக்கிற டியூப்கள்ல ஈ.டி.டி.ஏ. டியூப் ஊதா மூடி, சிட்ரேட் டியூப் நீல மூடி. ரெண்டும் அவனுக்கு ஒண்ணாத் தெரியும். அதனால லேபிளைப் படிக்காம ஊசியைக் கையில எடுக்கவே மாட்டான். இப்போ பயோகெமிஸ்ட்ரில நல்லா இருக்கான். அங்க நிறத்தோட அடர்த்தியை அனலைசர் மெஷினே அளந்து எண்ணாக் கொடுத்துடும். பையனைச் சேருங்க. ஆனா முதல் நாளே டிபார்ட்மென்ட்ல சொல்லிடச் சொல்லுங்க.

நெல்லிக்குப்பம்:
எனக்குச் சின்ன வயசுல போலியோ, வலது கால் சூம்பியிருக்கும். சேரப் போன ஒரு காலேஜ்ல, "நாள் பூரா நிக்க முடியுமா?"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. இன்னிக்கும் அது ஆறல. படிச்ச இடத்துல உயரமான ஸ்டூல் ஒண்ணு போட்டுக் கொடுத்தாங்க, அவ்வளவுதான் தேவைப்பட்டுச்சு. ரத்தம் எடுக்க முக்கியம் விரல் நுனிதான். குண்டா இருக்கிறவங்க கையில நரம்பு கண்ணுக்கே தெரியாது. கிளவுஸ் போட்ட விரலால அழுத்தி, மெத்துன்னு எழும்புற இடத்தைக் கண்டுபிடிக்கணும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்கள்ல, 40 சதவீதமும் அதுக்கு மேலயும் குறைபாடு உள்ளவங்களுக்கு 5 சதவீத இடம் இருக்கு. 2024 அக்டோபர்ல எம்.பி.பி.எஸ். வழக்கு ஒண்ணுல, சதவீதத்தை மட்டும் காட்டித் தள்ளக் கூடாது, படிக்க முடியுமான்னு பார்க்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. யாராவது வாசல்லயே திருப்பி அனுப்பினா, காரணத்தை எழுத்துல கேளுங்க அக்கா.

கோரிமேடு, புதுச்சேரி:
இன்னொண்ணு. ரத்தத்தால தொத்துற கல்லீரல் நோய்க்கான ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை இப்பவே ஆரம்பிச்சுடுங்க. முதல் ஊசி, ஒரு மாசம் கழிச்சு ஒண்ணு, ஆறாவது மாசம் ஒண்ணு. ஆஸ்பத்திரி லேப்ல பயிற்சி போஸ்டிங் வர்றதுக்குள்ள மூணும் முடிஞ்சிருக்கணும்.