பழைய செய்தித்தாளில் காகிதக்கூழ்க் கூடை: பிள்ளைகளோடு செய்ய வழிமுறை தேவை

கேள்வி: பொருநைவாசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பரணில், என் மாமியாரின் தாயார் செய்த காகிதக்கூழ்க் கூடை ஒன்று இருக்கிறது. வாய் அகன்று அடி சிறுத்த அந்தக் கூடையின் விளிம்பில் எலி கடித்த வடு ஒன்று உண்டே தவிர, இத்தனை ஆண்டுகளில் பூச்சி அரிக்கவில்லை, வடிவமும் கோணவில்லை. செய்தவர் இப்போது இல்லை. செய்முறையை யாரும் எழுதி வைக்கவும் இல்லை. காகிதத்தை ஊறவைத்து வெந்தயம் சேர்த்து உரலில் இடிப்பார்கள் என்பது மட்டுமே மாமியாருக்கு நினைவிருக்கிறது.

எட்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் படிக்கும் என் பிள்ளைகளோடு இந்தக் கோடை விடுமுறையில் இதைச் செய்து பார்க்க விரும்புகிறேன். வீட்டில் செய்தித்தாள் கட்டுக்கட்டாக இருக்கிறது. முட்டை அடுக்கி வந்த அட்டைகளும் நைந்த நூல் புடவைகளும் இருக்கின்றன. பழைய பொருளில் கைவேலை என்று சொல்லி வண்ணக் குப்பி, பசைத் துப்பாக்கி, மினுக்குத் தாள் என வாங்கிக் குவித்தால், அந்தச் செலவில் ஒரு புதுக் கூடையே வாங்கிவிடலாம். ஆகவே கடைக்குப் போகாமல், வீட்டில் உள்ளதை மட்டும் வைத்துச் செய்யும் முறையே எனக்கு வேண்டும்.

காகிதத்துக்கு எவ்வளவு வெந்தயம் சேர்க்க வேண்டும்? எங்கள் தெருவில் ஒருவர் எவர்சில்வர் குண்டானின் வெளிப்புறத்தில் அப்பிச் செய்த கூடை காயும்போதே வெடித்துவிட்டது; அதற்குக் காரணம் என்ன? செய்து முடித்த கூடையில் பயறு, அரிசி போட்டு வைக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில்: வெயிலுகந்தாள்

அன்புச் சகோதரிக்கு, எங்கள் அம்மா வீட்டில் ஆண்டுதோறும் சித்திரை வெயிலில் நடக்கும் வேலை இது. புது முறம் வாங்கினால் அதன் மூங்கில் இடுக்குகளை இதே கூழால் மெழுகிய பிறகே புழக்கத்துக்கு எடுப்போம். ஆகவே நான் கண்டு பழகியதைச் சொல்கிறேன்.

முதல் வேலை கிழிப்பது. செய்தித்தாளை ஒரு திசையில் கிழித்தால் கோடு போட்டதுபோல் நேராக வரும்; மறு திசையில் கோணல்மாணலாகப் பிய்யும். ஆலையில் காகிதம் ஓடும் திசையிலேயே நார்கள் பெரும்பாலும் படிந்திருப்பதால் இப்படி ஆகிறது. முதலில் நேராக நீளத் துண்டுகளாகக் கிழித்து, பிறகு அவற்றைக் குறுக்கே பிய்த்துப்போட வேண்டும். பிய்ந்த ஓரத்தில் நார் வெளியே நீண்டு நிற்பதால் தண்ணீர் எளிதில் ஏறும். கத்தரிக்கோலால் வெட்டிய துண்டு அவ்வளவு சீக்கிரம் கரையாது. உங்கள் இளைய பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. மையும் அழுக்கும் ஓரளவு கழிய, இரண்டு இரவுகள் ஊறவைத்து நாள்தோறும் தண்ணீரை மாற்றுங்கள்.

எடை போட்ட 1 கிலோ காய்ந்த காகிதத்துக்கு 100 கிராம் வெந்தயம் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. வெந்தயத்தை முதல் நாள் இரவே ஊறவைத்துத் தனியாக அரைத்தால் நுரைத்துப் பொங்கி, கையில் எடுத்தால் இழுபடும் விழுதாக வரும். அந்த வழுவழுப்பான பிசின்தான் நார்களை ஒன்றோடொன்று பிடித்து நிறுத்துகிறது. மைதாப் பசையில் செய்த பொருளைக் கரப்பான் தேடி வரும். வெந்தயத்தின் கசப்போ பூச்சியை அண்டவிடாது என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களின் அனுபவம். காகிதத்தை மிக்ஸியில் அரைப்பதானால், சமையலுக்குப் பயன்படாத பழைய ஜாரில் ஒரு கைப்பிடிக்கு மேல் போடாமல், தண்ணீர் தாராளமாக விட்டு, விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். இல்லையேல் மோட்டார் சூடாகிப் புகைந்துவிடும். உரல் இருந்தால் இடிப்பதே மேல், ஏனெனில் இடிக்கும்போது நார் அறுபடாமல் பிரிகிறது. பின்பு துணியில் கட்டிப் பிழிந்து, வெந்தய விழுதைச் சேர்த்துப் பிசையுங்கள். கையில் இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது, அதுவே பதம்.

இனி வெடிப்புக்கு வருகிறேன். ஈரக் கூழ் காயக் காயச் சுருங்கும். குண்டானின் வெளிப்புறத்தில் அப்பிய கூழ் உள்நோக்கிச் சுருங்கப் பார்க்கும்போது, உலோகம் கொஞ்சமும் இடம் கொடுக்காததால், கூழ் தானே பிளந்துகொள்கிறது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பாத்திரத்தைக் கவிழ்த்து, நனைத்த பழந்துணியை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றி, அதன்மேல் அப்புவது ஒன்று. அப்படிச் செய்தாலும் பாதி காய்ந்து வடிவம் நின்றவுடன் பாத்திரத்திலிருந்து கழற்றிவிட வேண்டும். மற்றொன்று, பாத்திரத்தின் உட்புறத்தில் அழுத்தி அப்புவது. சுருங்கும்போது கூடை தானாகவே விட்டு வரும் என்பதால், முதன்முறை செய்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன். கனம் எங்கும் கால் அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே உச்சி வெயிலில் வைத்தால் மேற்புறம் இறுகி உள்ளே ஈரம் தங்கும், பூஞ்சை அங்கிருந்துதான் தொடங்கும். ஆகவே முதல் நாள் காற்றோட்டமான நிழலில் வைத்து, அதன் பிறகு வெயிலில் திருப்பித் திருப்பிக் காயவையுங்கள்.

பதில்: தாள்மடிப்பு

மேலே சகோதரி சொன்ன முறையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தானியம் வைப்பதைப் பற்றி மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செய்தித்தாளில் உணவைப் பொதிந்து தருவது உடல்நலத்துக்குக் கேடு என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016 டிசம்பரிலேயே அறிவுறுத்தியது. 2018-இல் வந்த பொட்டல விதிமுறைகள் அதைத் தடையாகவே ஆக்கின. அச்சு மையில் உள்ள நிறமிகளும் வேதிப்பொருள்களுமே அதற்குக் காரணம். ஊறவைத்து இடித்தாலும் மை முழுவதும் போய்விடுவதில்லை என்பதைக் கூழின் சாம்பல் நிறமே காட்டும். முன்னோர் போட்டு வைத்தார்களே என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் தெரிந்த பிறகும் பிள்ளைகள் உண்ணும் பொருளை அதில் கொட்டி வைப்பது சரியன்று. தோல் உரித்துச் சமைக்கும் பூண்டையும் வெங்காயத்தையும் வைக்கலாம். நூல்கண்டு, துணிக் கவ்விகள், பிள்ளைகளின் எழுதுபொருள் ஆகியவற்றுக்கும் நன்றாகப் பயன்படும்.

எல்லாக் காகிதமும் கூழுக்கு ஆகாது என்பதையும் கவனியுங்கள். வழவழப்பான வார இதழ்த் தாளில் களிமண் பூச்சு இருப்பதால் நாரின் பங்கு குறைவு. கடைகளில் இயந்திரம் அச்சிட்டுத் தரும் ரசீதுகளை அறவே சேர்க்காதீர்கள். வெப்பத்தால் எழுத்துத் தோன்றும் அவ்வகைத் தாளில் உடலுக்கு ஒவ்வாத வேதிப்பூச்சு உண்டு. நீங்கள் வைத்திருக்கும் முட்டை அட்டைகளோ ஏற்கெனவே கழிவுக் காகிதக் கூழிலிருந்து வார்த்தவைதாம். வெந்நீர் ஊற்றினால் விரைவில் கரையும். முட்டைக் கசிவு படிந்த அட்டையை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கச் சொல்பவர்கள் உண்டு. அது நஞ்சு. பிள்ளைகள் கைவைத்துப் பிசையும் கூழில் அதற்கு இடமே இல்லை.

இந்தக் கைவேலை கூடையோடு நின்றுவிடுவதன்று. பண்ருட்டியிலும் மதுரையை அடுத்த விளாச்சேரியிலும் கொலுவுக்கான காகிதக்கூழ்ப் பொம்மைகளை இன்றும் செய்து வருகிறார்கள். உங்கள் மூத்த பிள்ளைக்கு ஆர்வம் இருந்தால், கூடை முடிந்து மிஞ்சும் கூழில் சுண்ணக்கட்டித் தூளைக் கலந்து நவராத்திரிக்குச் சிறு பொம்மைகள் பிடிக்கச் சொல்லலாம். தூள் சேர்ந்தால் சுருக்கம் குறையும், மேற்பரப்பும் நயமாக வரும்.

பொருநைவாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தானியம் வைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். கூடை வெங்காயத்துக்கென்றே முடிவாகிவிட்டது. இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நைந்த நூல் புடவையை இதில் எந்த வகையிலாவது பயன்படுத்த முடியுமா? பழைய கூடையின் எலி கடித்த விளிம்பைச் சரிசெய்ய இயலுமா, அல்லது அப்படியே விடுவது நல்லதா?

பதில்: வெயிலுகந்தாள்

புடவையைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். கூழ் மட்டுமே உள்ள கூடை கீழே விழுந்தால் விளிம்பு நசுங்கும். துணி ஒட்டிய கூடை அப்படி நசுங்காது. புடவையை நெசவுக்குச் சாய்வாக, இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டைகளாக வெட்டுங்கள். சாய்வாக வெட்டிய பட்டை இழுத்தால் நெளிந்து கொடுக்கும் என்பதால் கூடையின் வளைவில் சுருக்கமின்றிப் படியும். நேராக வெட்டியது மடிப்பு மடிப்பாக நிற்கும். புடவையின் கரை மட்டும் இதற்கு விலக்கு. அது தடித்த நெசவு. அதை நேராகவே வெட்டி விளிம்பைச் சுற்றி ஒட்டினால் பிடிப்புக்கும் ஆகும், அழகுக்கும் தனியாக வண்ணம் தேவைப்படாது.

ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை போதும். கொட்டையை வறுத்துத் தோலை நீக்கி, ஓரிரவு ஊறவைத்து அரைத்து, தண்ணீர் விட்டு அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்சினால் பளபளப்பான பசை கிடைக்கும். நெசவில் பாவுக்குக் கஞ்சி போடவும் இது பயன்பட்டு வந்திருக்கிறது. கூடை முழுவதும் காய்ந்த பிறகே துணியை ஒட்டுங்கள்; ஈரத்தின்மேல் ஒட்டினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். அடுப்படி வேலையை நீங்கள் வைத்துக்கொண்டு, ஒட்டுவதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம்.

பழைய கூடையை அவசியம் சரிசெய்யலாம். கடிபட்ட இடத்தில் உதிரும் பகுதியைக் கையால் நீக்கி, ஓரத்தை நகத்தால் லேசாகச் சுரண்டி நார் எழும்படி செய்யுங்கள். ஈரத்துணியால் அந்த இடத்தை மட்டும் ஒற்றி நனைத்து, நீர்த்த வெந்தய விழுதைத் தடவி, புதுக் கூழை மெல்லிய படலமாக அப்பிக் காயவிடுங்கள். காய்ந்த பின் அடுத்த படலம். ஒரே தடவையில் நிரப்பினால் புதுக் கூழ் சுருங்கிப் பழைய விளிம்பிலிருந்து விலகிவிடும். புதுக் கூடைக்குக் கூழ் தயாராகும் நாளிலேயே ஒரு கைப்பிடியை இதற்கென எடுத்து வைத்தால் தனியாக இடிக்க வேண்டியதில்லை.