விவாகரத்து வழக்கு நடக்கும்போது ஃபேஸ்புக், வாட்ஸ்அப்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

நான் எதையும் போடவே இல்லை, அப்படியும் வந்து விடிந்தது. ஜீவனாம்ச விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு பிரிண்ட் அவுட்டை நீட்டினார். மலை மேல் நண்பர்களோடு நான் சிரித்துக்கொண்டு நிற்கிற படம். ஓரத்தில் தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள். கையில் காசில்லை என்று மனுப் போட்டவர் ஊர் சுற்றுகிறாராம். அது கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த படம். தோழி ஒருத்தி பழைய ஞாபகத்தில் அந்த வாரம்தான் ஃபேஸ்புக்கில் ஏற்றி என்னை டேக் செய்திருந்தாள். வட்டம் போட்டது ஏற்றிய தேதி.

சரி, அதை எப்படிக் காட்டுவது? அவளிடம் கேட்டதும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். அதில் ஒன்றுமே இல்லை. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் கோப்பைச் சுருக்கிவிடும். எடுத்த தேதி, கேமரா, இடம் எல்லாம் அதோடு போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பினால்தான் உள்ளது உள்ளபடி வரும். அவளுடைய பழைய ஹார்டு டிஸ்க்கைத் தேடி அசல் கோப்பைக் கொடுத்த பிறகுதான் என் வக்கீலின் முகம் தெளிந்தது. யார் டேக் செய்தாலும் நான் பார்த்துச் சரி சொன்னால்தான் என் பக்கத்தில் தெரியும்படி மாற்றிவிட்டேன். ஆனாலும் அவள் பக்கத்தில் படம் இருக்கும். அதற்கு வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்.

—

எனக்கு வேறு மாதிரி. வக்கீலுக்கு நான் எழுதுவதெல்லாம் என் கணவருக்கு அன்றன்றைக்கே தெரிந்தது. வக்கீல் ஆபீஸிலேயே யாரோ சொல்கிறார்கள் என்று சந்தேகப்பட்டேன். தங்கை வந்து வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தைத் திறந்து காட்டினாள். பழைய வீட்டில் பிள்ளைகள் பாடம் படிக்கும் கணினி அங்கே உட்கார்ந்திருந்தது! போனைத் தவிர நான்கு சாதனங்கள் வரை சேரலாம். போன் அணைந்திருந்தாலும் அவற்றில் செய்தி வரும். உடனே வெளியேற்றப் போனேன். "இரு அக்கா" என்று தடுத்து, அது கடைசியாக எப்போது இயங்கியது என்பதோடு சேர்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தாள். கெட்டிக்காரி.

—

இந்த வம்பே வேண்டாம் என்று நான் கணக்கையே அழித்துவிட்டேன். நிம்மதி.

—

வழக்கு முடிவதற்கு முன்பா? வக்கீலைக் கேட்டீர்களா? என் வக்கீல் முதல் நாளே சொன்னது, எதையும் அழிக்காதீர்கள் என்பதுதான். அமெரிக்காவில் வர்ஜீனியாவில் மனைவியை விபத்தில் பறிகொடுத்த ஒருவர், தன் வக்கீல் தரப்பு சொன்னதைக் கேட்டு ஃபேஸ்புக் படங்களை அழித்தார். 2011இல் வக்கீலை 5,42,000 டாலரும் அவரை 1,80,000 டாலரும் கட்டச் சொன்னது நீதிமன்றம். அது இழப்பீட்டு வழக்கு, விவாகரத்து இல்லை. ஆனாலும் ஆதாரத்தை மறைத்தார் என்ற பேர் எந்த வழக்கிலும் கெடுதல்தான். அழித்தது ஃபேஸ்புக் கணக்கு என்றால் 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் உள்ளே போய் ரத்து செய்யலாம். தகவல் முழுவதையும் பதிவிறக்கி வைத்துக்கொண்டு, கணக்கைத் தற்காலிகமாக முடக்கி வையுங்கள். உங்கள் பக்கம் யார் கண்ணிலும் படாது, எதுவும் தொலையாது.

—

ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றி ஒன்று. என் அண்ணன் அனுப்பியதாக ஒரு மிரட்டல் செய்தியை எதிர்த்தரப்பில் கொண்டுவந்தார்கள். மேலே அவன் பெயர், அவன் படம். அவன் அனுப்பவே இல்லை என்கிறான். வேறு எண்ணை அவன் பெயரில் சேமித்து, அதில் அவன் படத்தை வைத்தால் யார் வேண்டுமானாலும் இப்படி ஒன்றைத் தயார் செய்யலாம். பெயர் தெரிந்தால் போதாது, எண் தெரிய வேண்டும், செய்தி வந்த போனையே காட்ட வேண்டும் என்று எங்கள் வக்கீல் கேட்டார். அந்தப் போன் தொலைந்துவிட்டதாம்.